வெள்ளைக் கல்லில் சாயம்

“யம்மா, கண்ண மூடிக்கிட்டா தீக்கு நம்மளத் தெரியாதுல்ல?”

ஐந்து வயதில் பாண்டிச்செல்வி இப்படிக் கேட்டாள். தீபாவளிக்கு முந்தின வாரம் அது. சோலையம்மாள் அன்று காலை ஆறு மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வேனேறி, இருட்டும் நேரத்துக்கு வீடு திரும்பியிருந்தாள். விரலிடுக்கில் ஒட்டிக்கிடந்த வெள்ளி மருந்தைத் தேங்காய் எண்ணெயும் தவிடும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தெருப் பிள்ளைகளோடு கண்ணாமூச்சி ஆடிவிட்டு வந்த மகள், கண்ணைப் பொத்திக்கொள்கிறவர்களை யாரும் பார்க்க முடியாது என்று நம்பியிருந்தாள். “தெரியாது தாயி, நீ மூடிக்கிட்டுத் தூங்கு” என்றாள் சோலையம்மாள். பிள்ளை நிம்மதியாகத் தூங்கிப்போனது. அசதியில் சொன்ன பொய்தான். இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேச உடம்பில் தெம்பில்லை, அவ்வளவே. ஆனால் வாயிலிருந்து போன சொல் எங்கேயோ ஓர் இடத்தில் காத்திருக்கும் என்று அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினேழு வயது. ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் விருதுநகருக்கு வந்து பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். சோலையம்மாளும் அதே பஸ்ஸில்தான் வருகிறாள். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் கல்யாண மண்டபத்தில் நான்கு வருடமாகக் கூட்டிப் பெருக்குகிற வேலை. எச்சில் இலை எடுப்பது, அண்டா கழுவுவது, கக்கூஸ் கழுவுவது எல்லாம் சேர்ந்ததுதான். முகூர்த்தம் இருக்கிற நாட்களில் இடுப்பு ஒடிந்துவிடும். ஆனாலும் அந்த வேலையை அவள் சாமி கொடுத்ததாகத்தான் நினைத்தாள். ஏனென்றால், ஒவ்வொரு நாள் காலையும் ஆமத்தூர் நிறுத்தத்தில் அவளுடைய பஸ் வருவதற்கு முன்னால் கம்பெனி வேன் வந்து நிற்கும். ஆள் சேர்த்துவிடும் மாரிக்கண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவான்.

“என்னக்கா, கல்யாணச் சோறு இன்னும் சலிக்கலையா? சீசன் ஆரம்பிச்சிருச்சு, ஆளு பத்தல. நீங்க வரலேன்னாலும் பாண்டிய அனுப்புங்க. பன்னெண்டாப்புப் படிச்சு என்ன, கலெக்டராவா ஆகப்போகுது?”

“கலெக்டரானா ஒனக்கென்னலே எரியுது? வண்டிய எடுத்துட்டுப் போ அங்கிட்டு.”

வேன் சிரிப்போடு போய்விடும். சிரிக்காத ஒரே ஆள் சோலையம்மாள். புருஷன் போய் எட்டு வருடம் ஆகிறது. மண்டபத்து வேலை போனால், மறுநாள் காலை அந்த வேனில் ஏறப்போவது தானாக இருக்காது, மகளாகத்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அம்மா சும்மா இருக்க, தான் படித்துக்கொண்டிருக்க அந்தப் பிள்ளைக்கு மனசு வராது.

அவள் வேனை விட்டு இறங்கியதற்குக் காரணம் உண்டு. நான்கு வருடத்துக்கு முன்னால், அச்சங்குளத்துப் பக்கம் ஒரு கம்பெனியில், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், அறை வாசலில் ஒரு கை அளவு மருந்து சிந்திக் கிடந்ததை அவள் பார்த்தாள். சிந்திய மருந்தில் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். அது முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். வாளி நான்கு எட்டு வைக்கிற தூரத்தில் இருந்தது. கையிலிருக்கிற வெடிக்குழாய் வரிசையை முடித்துவிட்டு ஊற்றலாம் என்று நினைத்தாள். இரண்டு நிமிஷம் இருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தில் பொன்மணி என்ற பத்தொன்பது வயதுப் பெண் ஒரு தட்டைத் தரையில் இழுத்தாள். சோலையம்மாளுக்கு நினைவிருப்பதெல்லாம், அந்தக் கணத்தில் தான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதுதான். மகளுக்குச் சொன்ன பொய்யை அவளே நம்பியதுபோல. திறந்தபோது அவள் இருந்தாள், பொன்மணி இல்லை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. விசாரிக்க வந்தவர்களிடம், உராய்வில் பிடித்துக்கொண்டது என்று எல்லோரும் சொன்னதையே அவளும் சொன்னாள். அது பொய்யும் இல்லை.

இந்த வருஷம் ஆடி பிறந்ததும் மண்டபம் வழக்கம்போலக் காலியாகிவிட்டது. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. அப்போதுதான் மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் வத்தல் மண்டிக்காரர் பத்திரகாளி, ஓவியக் கண்காட்சி ஒன்றுக்கு நான்கு நாள் இடம் கொடுத்திருப்பதாகச் சொன்னார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் தனுஷ்கோடியின் மகள் ஸ்ரீமதி, அவருக்கு ஒன்றுவிட்ட அக்காள் மகள். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். “சும்மா கெடக்குற மண்டபந்தானே மாமான்னு கேக்குது. முடியாதுன்னா அக்கா மூஞ்சியத் தூக்குவா” என்று அலுத்துக்கொண்டார். “ஆணி அடிக்கவிடாத. கல்லுல கீறல் விழாமப் பாத்துக்கோ.” பங்குனியில்தான் ராஜஸ்தானிலிருந்து லாரி லோடாக வெள்ளைக் கல் இறக்கித் தரை போட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டாரையே செருப்பைக் கழற்றச் சொல்லிச் சண்டை பிடிக்கிற மனிதர்.

புதன்கிழமை மதியம் வந்து இறங்கியவர்கள் மூன்று பேர். ஸ்ரீமதிக்கு இருபத்தேழு வயதிருக்கும். எண்ணெய் காணாத தலை, கசங்கிய காட்டன் சுடிதார், கழுத்தில் ஒன்றுமில்லை. காலண்டர்காரர் மகள் என்று சொன்னால்தான் தெரியும். கும்பகோணத்துக்காரர் நல்லசிவம், ஐம்பதைத் தாண்டியவர், நரைத்த தாடி. மதுரைக்காரன் செல்வக்குமார் மரத்தில் செதுக்கி அச்செடுக்கிறவன், வாயே திறக்காதவன். ஓவியர்கள் என்றால் எப்படி இருப்பார்கள் என்று சோலையம்மாள் நினைத்துவைத்திருந்தது எதுவும் அவர்களிடம் இல்லை. லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்கள்போல வியர்த்து, தூக்கி, “ஏங்க, பார்த்து, பார்த்து” என்று கத்தி, கடைசியில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். அவள் டீ வாங்கிக்கொண்டு வந்தாள். தூக்குவாளியிலிருந்து அவள் ஊற்ற ஊற்ற, ஸ்ரீமதி எழுந்து தம்ளர்களை அவளுக்குப் பிடித்துக்கொண்டாள். “நீங்க குடிச்சீகளாக்கா?” என்று கேட்டாள். மண்டபத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

“எனக்கு மாப்பிள்ளை ரூமு, இவனுக்குச் சமையக்கட்டு, ஸ்ரீமதிக்கு மணப்பொண்ணு ரூமு” என்றார் நல்லசிவம். “கல்யாணம் பண்ணிக்காதவன் வாழ்க்கையில மாப்பிள்ளை ரூமுல படுக்கறதே பெரிய காரியந்தான்.”

பிறகு அவர், சுவரில் சாய்த்துவைத்திருந்த தன் படம் ஒன்றைக் காட்டி, “இது எப்படிம்மா இருக்கு? உள்ளதச் சொல்லணும்” என்றார்.

பெரிய படம். நீலத்தின் மேல் மஞ்சள், மஞ்சளின் மேல் பாதிக் கை, கையின் மேல் எதுவென்று தெரியாத ஏதோ. சோலையம்மாள் தம்ளர்களை அடுக்கிக்கொண்டே பார்த்தாள்.

“நோட்டுக்கு அட்டை போடுற பேப்பர் மாதிரி இருக்குங்க சார்.”

“அப்படின்னா?”

ஸ்ரீமதி சிரித்துவிட்டாள். அவளே விளக்கினாள். அச்சகத்தில் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கும்போது ஒரே தாளில் மூன்று நான்கு படம் ஒன்றின்மேல் ஒன்று விழும். முருகன் முகத்தில் கோதுமை மாவு விளம்பரம், அதற்குமேல் குழந்தை, அதற்குமேல் ரயில். அந்தக் கழிவுத்தாள்தான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருடைய பாடப்புத்தகத்துக்கும் அட்டை.

நல்லசிவத்துக்குக் கோபம் வரும் என்று சோலையம்மாள் பயந்தாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு தன் படத்தையே வெகுநேரம் பார்த்தார். “முப்பது வருஷமா வரையறேன். இவ்வளவு சரியா யாரும் சொன்னதில்ல” என்றார். “டேய் செல்வம், குறிச்சுவச்சுக்கடா. நான் செத்தா இத எழுது.”

செல்வக்குமார் அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தான். “மொதல்ல நீங்க டீயக் குடிங்கண்ணே, ஆறுது.”

சோலையம்மாள் ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். ஸ்ரீமதியின் படைப்பு அப்போது பிரிக்காத அட்டைப்பெட்டிகளாக ஓரத்தில் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கூடத்துக் கதவைத் தள்ளினாள்.

கூடத்தின் நடுவில் அகலமான வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன் மேல் வெடிக்குழாய்கள். சிவப்புத் தாளும் பச்சைத் தாளும் சுற்றிய குழாய்கள், நூற்றுக்கணக்கில், வரிசை வரிசையாக நின்றன. நடுவில், பட்டாசுக் கம்பெனி அறையில் இருப்பதுபோலவே, நான்கு பேர் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. குழாய்களின் வாயிலும், துணியிலும், வெளியே கல்லிலும் கறுப்புத் தூள் சிந்திக் கிடந்தது. அதன் ஓரத்தில் வெள்ளிப் பொடி. அதற்கு ஒரு சாண் மேலே, கூரையிலிருந்து ஒயரில் தொங்கிய குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. வராந்தாவில் யாரோ தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

அவள் நினைக்கவில்லை. நினைத்ததும் செய்ததும் வேறு வேறாக இல்லை. வாளித் தண்ணீர் முழுவதையும் தூளின்மேல் வீசினாள். குழாயடிக்கு ஓடி இரண்டாவது வாளி, மூன்றாவது வாளி. நின்றவை சரிந்து, சரிந்தவை மிதந்து, தாள் பிரிந்து, துணி கறுத்து, சுவரோரம்வரை தண்ணீர் ஓடியது. “ஓடுங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க! மருந்து!” என்று அவள் கத்திய கத்தலில் நல்லசிவம் வாயில் பிரஷ்ஷோடும் கைலியோடும் தெருவுக்குப் பாய்ந்தார். செல்வக்குமார் பற்றவைத்த சிகரெட்டைப் போட்டுவிட்டு ஓடினான். மணப்பெண் அறையிலிருந்து ஓடிவந்த ஸ்ரீமதியின் கையைப் பிடித்துச் சோலையம்மாளே இழுத்துக்கொண்டு போனாள்.

தெருவில் பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். ஒன்றும் வெடிக்கவில்லை.

“அக்கா” என்றாள் ஸ்ரீமதி மெதுவாக. “கண்ணத் தொறங்க.”

தான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது அப்போதுதான் சோலையம்மாளுக்குத் தெரிந்தது.

“அது அடுப்புக்கரிக்கா. அரைச்ச அடுப்புக்கரி. வெள்ளியா இருக்கறது கதவுக்கு அடிக்கிற பெயிண்டுப் பொடி. குழாய் எல்லாம் காலி.”

நல்லசிவம் வாயிலிருந்த நுரையைச் சாக்கடையில் துப்பிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பட்டாசு அறைபோல அதைச் செய்ய ஸ்ரீமதிக்கு மூன்று மாதம் ஆனதாம். பத்து மணிக்குக் கண்காட்சி தொடக்கம்.

இத்தனைக்கும் நடுவில் பத்திரகாளியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. யார் சொன்னார்களோ. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். போன வேகத்தில் திரும்பினார். சிவப்புத் தாளின் சாயமும் பச்சைத் தாளின் சாயமும் கரித்தண்ணீரில் கலந்து, வெள்ளைக் கல்லில் ஆடு அறுத்த இடம்போலப் பரவியிருந்தது.

“யாரு பாத்த வேல இது?” என்றார். பார்வை நேராகச் சோலையம்மாள் கையிலிருந்த வாளியில் விழுந்தது. “ஏ சோல, ஒன்னத்தான் கேக்கேன்.”

அவள் வாயைத் திறப்பதற்குள் ஸ்ரீமதி முன்னால் வந்தாள்.

“நான்தான் மாமா. தண்ணி ஊத்துறதும் இந்த வேலையில ஒரு பகுதி. அக்காவ நான்தான் ஊத்தச் சொன்னேன்.”

“பகுதியா?”

“ஆமா மாமா. இப்ப அப்படித்தான் செய்யறாங்க.”

பத்திரகாளி நல்லசிவத்தைப் பார்த்தார். நல்லசிவம் கைலியைச் சரிசெய்துகொண்டு, “சென்னையில இப்ப எல்லாமே தண்ணிதாங்க” என்றார்.

“இவ தானாச் செஞ்சிருந்தா இந்நேரம் கணக்க முடிச்சு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்” என்றார் பத்திரகாளி. “நீ சொந்தக்காரப் பிள்ளையாப் போயிட்ட. கல்ல எம்புட்டு ஆசையாப் போட்டேன் தெரியுமா? இதுக்கா அத்தான் ஒன்னப் படிக்கவச்சாக? இரு, அவுககிட்டயே பேசிக்கிடுதேன்.”

அவர் போனபிறகு சோலையம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்ரீமதி சுடிதாரை முழங்காலுக்குத் தூக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போய், மிதக்கும் குழாய்களைக் கையால் ஒதுக்கத் தொடங்கினாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டு, அப்படியே விட்டுவிட்டாள்.

நான்கு நாளும் அது அப்படியே கிடந்தது. கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தினமும் வந்தார், பருப்புக் கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ஊறிய தாளும் கறுத்த துணியுமாகக் கிடந்ததைச் சிலர் சீக்கிரமாகத் தாண்டிப் போனார்கள். பட்டாசு வேலைக்குப் போகிற பெண்கள் மூன்று பேர் சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு வந்தவர்கள், அதன் முன்னால் மட்டும் நின்றார்கள். “தண்ணி ஊத்திருக்காக” என்று ஒருத்தி சொன்னாள். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

அன்று மதியம், அண்டா கழுவுகிற பின்கட்டுப் படியில் ஸ்ரீமதி தனியாக உட்கார்ந்திருந்தாள். இலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது. சோலையம்மாள் இரண்டு படி கீழே உட்கார்ந்தாள்.

“நான் ஒங்களுக்குப் பெரிய கெடுதி பண்ணிட்டேன் தாயி.”

“இல்லக்கா. நான் கரிய வச்சு மருந்து மாதிரி செஞ்சேன். நீங்க அத மருந்துன்னே நம்புனீங்க. இதுக்குமேல எனக்கு யாரு என்ன சொல்லணும்?” சிரிக்கப் பார்த்தாள். முகம் ஒத்துழைக்கவில்லை. “அலுப்பா இருக்குக்கா. அவ்வளவுதான்.”

அந்த அலுப்பு சோலையம்மாளுக்குத் தெரிந்த அலுப்பு. உடம்பை உதறிப் போட்டுவிட்டுத் தூங்கினாலும் காலையில் பாயோரத்தில் காத்திருக்கிற அலுப்பு. ஏனென்று தெரியவில்லை, யாரிடமும் சொல்லாததை அவள் அன்று சொன்னாள். வாசலில் சிந்திய மருந்து, நான்கு எட்டில் இருந்த வாளி, இரண்டு நிமிஷம், பொன்மணி. ஸ்ரீமதி மடியிலிருந்த சிறிய நோட்டை மூடிப் பின்னால் தள்ளி வைத்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விபத்து நடந்த மறுநாள் கேமராவோடு வந்தவர்கள் கேட்ட கேள்விகள் சோலையம்மாளுக்கு இன்னும் காதில் இருந்தன. கேட்காமல் இருப்பதும் ஒரு கருணைதான் என்று அவளுக்குத் தோன்றியது.

பிறகு ஸ்ரீமதி தன் கதையைச் சொன்னாள். திங்கட்கிழமை அவளுடைய அப்பா வருகிறார். பத்திரகாளி மாமா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷம் சென்னையில் இருந்துகொள்ளலாம், ஆனால் தொழில் பண்ணுகிற ஊரில் தலைகுனிகிற மாதிரி எதுவும் நடக்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அதை மீறினால் சென்னை கிடையாது, கல்யாணம்தான்; சாத்தூரில் மாப்பிள்ளை ஒருவர் காத்திருக்கிறார்.

“போன்ல சொன்னத அப்பா நம்பலக்கா. மாமா எதையும் கூட்டிச் சொல்லுவார்னு அவருக்குத் தெரியும். கண்ணால பாத்துட்டுத்தான் முடிவுன்னுட்டாரு. அச்சடிக்கிற ஆளு, ப்ரூஃபப் பாக்காம எதுவும் சொல்லமாட்டாரு.”

“பாத்தா?”

“அந்தக் கல்லப் பாத்தா, ஆவணியில கல்யாணம்.” இலையை மடித்தாள். “பேசிச் சண்ட போடலாம். எனக்கு இப்ப அதுக்குத் தெம்பில்ல.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சோலையம்மாள் வாயெடுத்தாள். ஸ்ரீமதி அவளைப் பார்த்த பார்வையில், பாண்டிச்செல்வியைப் பற்றி யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. “நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாதுக்கா. அப்பறம் நான் சொன்ன பொய்யி வீணாப் போயிரும்” என்றாள்.

ஞாயிறு மதியம் படங்களை இறக்கினார்கள். குழாய்களையும் துணியையும் சாக்கில் அள்ளியபிறகு கல் முழுவதுமாகத் தெரிந்தது. கரி கழுவினால் போய்விட்டது. சாயம் போகவில்லை. நான்கு நாள் ஊறியதில் கல்லுக்குள்ளேயே இறங்கியிருந்தது. ஒரு பாய் அகலத்துக்குச் சிவப்பு, விளிம்பில் பச்சை. நல்லசிவம் கிளம்பும்போது சோலையம்மாளிடம் ஒரு காகிதச் சுருளை நீட்டினார். அந்த நீலப் படத்தைச் சிறிதாக வரைந்தது. “மகளுக்குக் குடும்மா. நோட்டுக்கு அட்டை போட” என்றார். ஸ்ரீமதி ஆட்டோவில் ஏறியபிறகு தலையை நீட்டி, “வர்றேங்க்கா” என்றாள். அவ்வளவுதான்.

பத்திரகாளி கடைசியாக ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுச் சாவியை அவளிடம் கொடுத்தார். “இதுல யாரும் கை வைக்கக் கூடாது. நாளைக்கு ராகுகாலம் கழிஞ்சு ஒம்பது மணிக்கு அத்தான் வாராக. அவுக கண்ணால பாக்கட்டும். பெறகு பாலீஷ்காரன வரச்சொல்லிக்கிடலாம். வெளங்குச்சா?”

“வெளங்குச்சுங்க” என்றாள் சோலையம்மாள்.

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து மறைந்தது. மண்டபத்தில் அவள் ஒருத்திதான். சுவர்கள் வெறுமையாக இருந்தன. கூடத்தின் நடுவில் அந்தச் சிவப்பு மட்டும். அவள் ஓரமாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைக் கழுவிவிட்டால் நாளைக் காலையில் ஸ்ரீமதியின் அப்பா பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் கல் தானாக வெளுக்கவில்லை என்பது பத்திரகாளிக்குத் தெரியாமல் போகாது. சாவி அவளிடம்தான் இருக்கிறது. கேட்டால், “அழுக்கப் பாத்தா களுவுறதுதானங்க என் வேல” என்று சொல்லலாம். அந்த ஒரு பதில்தான் இருந்தது. அது அவருக்குப் போதுமா என்பது தெரியவில்லை. போதாமல் போனால் மாரிக்கண்ணன் வேனில் இடம் வைத்திருப்பான். மகளின் முகம் வந்தது. அதை விலக்கவும் முடியவில்லை. ஸ்ரீமதி அன்று வாசலில் முன்னால் வந்து நின்றபோது எதையெதையெல்லாம் எண்ணிப் பார்த்திருப்பாள்? ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது. சோலையம்மாள் தலையை நிமிர்த்தாமலே மாரியம்மனிடம் ஒரு வார்த்தை சொன்னாள். வேண்டுதல் இல்லை, தகவல்தான்.

பிறகு எழுந்து ஸ்டோர் ரூமைத் திறந்தாள். ஆசிட் பாட்டிலைத் தொடவில்லை. ஆசிட் பட்டால் அந்தக் கல் பொரிந்துவிடும் என்று போட்ட கொத்தனார் சொல்லியிருந்தார். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் தோசைமாவு பதத்துக்குக் குழைத்தாள். மூக்கும் கண்ணும் எரிந்தன. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, சிவப்பின்மேல் ஒரு விரல் கனத்துக்கு அப்பினாள். காயாமலிருக்க நனைத்த சாக்குகளை மேலே விரித்தாள். கதவைப் பூட்டிக்கொண்டு ஐந்து மணி பஸ்ஸுக்குப் போனாள். பாண்டிச்செல்வி அந்த நீலப் படத்தைப் பார்த்துவிட்டு, “இத அட்ட போட மனசு வரலம்மா” என்று அதைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்தாள். சாக்கை எடுத்தபோது சாந்து இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. கல்லிலிருந்ததை உறிஞ்சியிருந்தது. வழித்துப் போட்டுவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்தாள். தண்ணீர் ஊற்றினாள், துடைத்தாள், தேய்த்தாள். பாதிச் சிவப்பு போயிருந்தது. மறுபடி குழைத்து அப்பி, அரைமணி நேரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடி தேய்த்தாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, நகக்கண்ணில் எரிந்தது. இடுப்பு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும் சத்தம் வந்தபோது, ஓர் உள்ளங்கை அளவுக்கு மட்டும் மிச்சம் இருந்தது. அதன்மேல் அவள் தன் முழு உடம்பையும் சாய்த்துத் தேய்த்தாள்.

கடைசியாக ஏழெட்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி, அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியாதபடி கூடம் முழுவதையும் கழுவிவிட்டாள். துணியால் வழித்துக்கொண்டே பின்னோக்கி நகர்ந்து, பின்கட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். மணி எட்டரை இருக்கும். கிழக்கு ஜன்னலிலிருந்து வெயில் சாய்வாக விழுந்தது. ஈரம் ஜன்னலோரத்தில் முதலில் காய்ந்து, வெள்ளை ஒரு கோடாக நடுக்கூடத்தை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அவள் மடியில் கைகளை மல்லாத்தி வைத்துக்கொண்டு, அது எதுவரை வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.